எந்தக் குழாய் வேண்டும்?

விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. தெருக்குழாய் முன்னால் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் எப்போது வரும்? யாருக்கும் தெரியாது. காத்திருந்தால் வேலைக்கு நேரமாகிவிடும். போய்விட்டால் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இருக்காது.

பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் பல பெண்களின் காலைப் பொழுது இப்படித்தான் கழிந்தது.

நகரத்தில் தண்ணீர் இல்லாமல் இல்லை. 1974-ஆம் ஆண்டே காவிரி நீர் பெங்களூருக்கு வந்துவிட்டது. ஆறு சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்தில் ஓடுகிறது. நகரம் மேட்டில் இருக்கிறது. பெரிய பம்புகள் தண்ணீரை ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகின்றன. அவ்வளவு தூரம் வந்த தண்ணீர், குடிசை வாசல் வரை வரவில்லை.

ஏன் வரவில்லை?

இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, பத்திரம். வீட்டு இணைப்பு வேண்டும் என்றால் இடம் தம்முடையது என்று காட்ட வேண்டும். ஹக்குப் பத்திரம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மற்றொன்று, பணம். இணைப்புக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டக் கூலி வேலை செய்பவர்களால் முடியவில்லை.

தடை நீங்கியது

பெங்களூரில் குடிநீர் வழங்குவது குடிநீர் வாரியம். இது 1964-ல் அமைக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு முதல் 2002 வரை, ஆஸ்திரேலிய அரசின் உதவியோடு வாரியம் ஒரு புதிய முயற்சி செய்தது. சந்திராநகர், சுதாமநகர், சிமெண்ட் ஹட்ஸ் என்ற மூன்று குடிசைப் பகுதிகளில் வேலை தொடங்கியது. தொண்டு நிறுவனங்களும் உதவின. மக்களோடு பேசி முடிவு எடுக்கப்பட்டது.

பத்திரத்துக்குப் பதிலாக ரேஷன் அட்டை போன்ற சான்றுகள் ஏற்கப்பட்டன. இணைப்புக் கட்டணமும் குறைக்கப்பட்டது. தண்ணீர் இணைப்பு வேறு, நில உரிமை வேறு என்பது தெளிவானது.

மூன்று வழிகள்

ஒரு தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி தெருக்குழாய். வீட்டுக்குப் பில் வராது. ஆனால் வரிசையும் சண்டையும் தீராது. குழாய் உடைந்தால் யார் பொறுப்பு என்பதும் தெரியாது.

இரண்டாவது வழி கூட்டுக் குழாய். சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழாய், ஒரு மீட்டர் வைத்துக்கொள்ளும். செலவு பங்காகும். குறுகிய சந்துக்கும் சிறிய வீட்டுக்கும் இது பொருந்தும். ஆனால் ஒரு வீடு பணம் தராவிட்டால் எல்லோருக்கும் சிக்கல் வரும்.

மூன்றாவது வழி தனிக் குழாய். தண்ணீர் வீட்டுக்கே வரும். காத்திருக்க வேண்டாம். ஆனால் மாதம் தவறாமல் பில் கட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

மீட்டர் தண்ணீரைக் கிலோலிட்டரில் அளக்கும். ஒரு கிலோலிட்டர் என்பது 1,000 லிட்டர். ஒரு குடத்தில் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் நாளுக்கு 20 குடம் பிடித்தால் 300 லிட்டர் ஆகும். மாதத்துக்கு 9,000 லிட்டர், அதாவது 9 கிலோலிட்டர்.

பெங்களூரில் தண்ணீர் கட்டணம் படிப்படியாக ஏறும். குறைவாகப் பிடித்தால் விலை குறைவு. அதிகமாகப் பிடித்தால், கூடுதல் தண்ணீருக்கு விலையும் கூடும். பத்துக் குடும்பங்கள் ஒரே மீட்டரில் பிடித்தால் 90 கிலோலிட்டர் ஆகிவிடும். அதை ஒரே வீட்டின் கணக்காக எடுத்தால் பில் மிகவும் ஏறிவிடும். எனவே கூட்டுக் குழாய் கேட்பவர்கள், கட்டணம் எப்படிக் கணக்கிடப்படும் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லோரும் பேச வேண்டும்

2007-ல் பெங்களூர் மாநகராட்சியோடு 110 கிராமங்கள் சேர்ந்தன. இவற்றுக்காகக் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. இதே கேள்வி அங்கும் உண்டு. எந்தக் குழாய்? யார் எவ்வளவு கொடுப்பது?

இந்த முடிவைத் தெருப் பெரியவர் நாலு பேர் மட்டும் எடுத்தால் போதாது. தண்ணீர் சுமப்பவர்கள் பெண்கள். அவர்கள் பேச வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் பேச வேண்டும். தனியாக வாழும் முதியவர்களும் பேச வேண்டும். பில் கட்ட முடியாத வீட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தெருக்குழாயை எடுத்துவிட்டால் அந்த வீடு எங்கே போகும்?

ஒன்றை மறக்கக் கூடாது. குழாய் பதித்தால் மட்டும் போதாது. அதில் தண்ணீர் வர வேண்டும். எந்த நாளில், எத்தனை மணி நேரம் வரும் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது?
2. தண்ணீருக்காக யார், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள்?
3. உங்கள் தெருவுக்கு எந்தக் குழாய் பொருந்தும்? ஏன்?