பள்ளி வேலை நாட்கள்

பள்ளி வேலை நாட்கள் என்பது ஒரு கல்வியாண்டில் மாணவர்களுக்காகப் பள்ளி இயங்கும் நாட்களின் எண்ணிக்கையைக் குறிக்கும். இந்த எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமா என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் எழும் கல்விக் கொள்கை விவாதம் ஆகும். நாட்களைக் கூட்டுதல், நாளொன்றின் பாட நேரத்தைக் கூட்டுதல், நாட்களைக் கூட்டாமல் விடுமுறைகளை மட்டும் பிரித்து அமைத்தல் ஆகிய மூன்றும் இவ்விவாதத்தில் ஒன்றாகப் பேசப்படுகின்றன. எனினும் அவற்றின் விளைவுகள் வேறுவேறானவை.

இந்தியச் சட்டம்

2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, குறைந்தபட்ச அளவுகளை வரையறுக்கிறது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு 200 வேலை நாட்களும் 800 பாட மணிநேரமும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 220 வேலை நாட்களும் 1000 பாட மணிநேரமும் தேவை. தொடக்க வகுப்புகளில் இது நாளொன்றுக்கு 4 மணிநேரம். நடுநிலை வகுப்புகளில் ஏறத்தாழ நாலரை மணிநேரம். ஆசிரியர்கள், பாடத் தயாரிப்பு நேரம் உட்பட, வாரத்துக்குக் குறைந்தது 45 மணிநேரம் பணியாற்ற வேண்டும்.

தமிழ்நாடும் கேரளமும்

தமிழ்நாட்டில் 2024-25 கல்வியாண்டுக்கு முதலில் 220 வேலை நாட்கள் அறிவிக்கப்பட்டன. சனிக்கிழமை வகுப்புகளுக்கு ஆசிரியர்களிடம் எதிர்ப்பு எழுந்ததை அடுத்து அது 210 ஆகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் கேரளத்தில் 25 சனிக்கிழமைகளைச் சேர்த்து 220 நாட்களை எட்டும் நாட்காட்டி வெளியானது. கேரள உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2025-இல் கேரளம் வேறு வழியை நாடியது. உயர்நிலை வகுப்புகளுக்கு வெள்ளிக்கிழமை தவிர்த்த வேலை நாட்களில் அரை மணிநேரம் கூட்டப்பட்டது.

பிற நாடுகள்

ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆண்டு ஏறத்தாழ 180 நாட்கள் கொண்டது. 1983-இல் வெளியான, 'ஆபத்தில் ஒரு தேசம்' எனப் பொருள்படும் தலைப்புடைய அரசு ஆணைய அறிக்கை, அதை 200 முதல் 220 நாட்கள் வரை நீட்டிப்பது பற்றி ஆராயப் பரிந்துரைத்தது. ஆனால் 180 நாள் வழக்கம் மாறவில்லை. சப்பான் எதிர்த்திசையில் சென்றது. 1992 முதல் படிப்படியாகச் சனிக்கிழமை வகுப்புகளைக் குறைத்து, 2002-இல் ஐந்து நாள் வாரத்துக்கு மாறியது. மாணவர்களின் கல்வித்தரம் குறைவதாகக் கவலை எழுந்ததால், 2008-இல் திருத்திய பாடத்திட்டத்தில் பாட நேரம் மீண்டும் கூட்டப்பட்டது.

ஆதரவுக் கருத்துகள்

நீண்ட கோடை விடுமுறையில் மாணவர்கள் படித்ததை மறக்கின்றனர் என்பது முதன்மையான வாதம். ஹாரிஸ் கூப்பரும் அவரது குழுவினரும் 1996-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, கோடையில் சராசரியாக ஒரு மாத அளவிலான கற்றல் இழப்பு நேர்வதாகக் கூறியது. வாசிப்பில் ஏழைக் குடும்பக் குழந்தைகளே கூடுதலாகப் பின்தங்கினர். பின்வந்த ஆய்வாளர்கள் சிலர், இந்த இழப்பு அளவிடும் தேர்வு முறையைப் பொறுத்து மாறுவதாகக் காட்டியுள்ளனர்.

தமிழ்நாட்டில் பள்ளி நாள் என்பது உணவு நாளும் ஆகும். மதிய சத்துணவும் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளி நாட்களோடு பிணைந்துள்ளதால், விடுமுறை நீளும்போது வறிய குடும்பங்களின் செலவு கூடுகிறது.

எதிர்க் கருத்துகள்

முதல் தடை வெயில். 2023-இல் கடும் வெப்பத்தால் தமிழ்நாட்டில் பள்ளி திறப்பு ஜூன் 12, 14 ஆகிய நாட்களுக்கும், 2024-இல் ஜூன் 10-க்கும் தள்ளிவைக்கப்பட்டது. எனவே மே மாதத்தில் நாட்களைச் சேர்ப்பது கடினம், சனிக்கிழமைகளே எஞ்சுகின்றன. அவற்றை எடுத்துக்கொண்டால் ஆசிரியர்களின் பாடத் தயாரிப்பும் மாணவர்களின் விளையாட்டும் ஓய்வும் குறையும். ஊதியம், போக்குவரத்து, உணவு ஆகியவற்றுக்கான செலவும் உயரும்.

நாட்களும் கற்கும் நேரமும்

வேலை நாட்கள் அனைத்தும் கற்பிக்கும் நாட்கள் அல்ல. தேர்வுகளும் விழாக்களும் அவற்றுள் அடங்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்ந்த கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது எனக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு கூறுகிறது. அனுமதிக்கப்பட்ட இப்பணிகளுக்கே ஆசிரியர்கள் செல்லும் நாட்களிலும், ஓராசிரியர் பள்ளியில் வகுப்பு நின்றுவிடக் கூடும்.

220 நாட்கள் இயங்கும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் நாள்தோறும் 15 நிமிடம் வீணானால், ஆண்டுக்கு 55 மணிநேரம் குறைகிறது. நாலரை மணிநேரக் கணக்கில் இது ஏறத்தாழ 12 வேலை நாட்களுக்குச் சமம். தமிழ்நாட்டில் 220-க்கும் 210-க்கும் இடையே விவாதத்துக்கு உள்ளானவை 10 நாட்கள். ஆகவே, நாட்காட்டியை நீட்டுவதோடு, இருக்கும் நாட்களில் வகுப்பு முழுமையாக நடைபெறுகிறதா என்பதும் இவ்விவாதத்தில் கணக்கில் கொள்ள வேண்டியதாகிறது.