செகண்ட் ஷோவும் மெஸ் சாப்பாடும்

சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்துக்குள் பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. தபால்தலை சேகரிப்போருக்கான பிரிவு இயங்கும் அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகை. 1913-இல் வார்விக் மேஜர் என்பவர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் அது. மறு ஆண்டே ரகுபதி வெங்கய்யா அதே வட்டாரத்தில் கெயிட்டி தியேட்டரைத் திறந்தார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் நிரந்தரத் திரையரங்கு என்று பெயர் பெற்ற கெயிட்டி இன்று இல்லை.

ஆனால் அந்தச் சாலையில் சினிமா அற்றுப்போய்விடவில்லை. 1970-இல் திறந்த தேவி வளாகம் இருக்கிறது. அங்கே தேவி பாரடைஸுக்குப் படியேறாமல் சுற்றுச் சரிவுப் பாதையில் நடந்தே போவது படத்துக்கு முன்பே கிடைக்கும் ஒரு காட்சி. கொஞ்ச தூரத்தில் பிளாக்கர்ஸ் ரோடு கேசினோ. பெரிய மல்டிபிளக்ஸ் நிறுவனங்களின் கிளையாக இல்லாமல் தனித்து நிற்பவை இவை. படம் முடிந்து பசியோடு வெளியே வந்தால் 1951-இல் தொடங்கிய புகாரி பக்கத்திலேயே இருக்கிறது. சிக்கன் 65 எங்கள் சமையலறையில்தான் பிறந்தது என்று உரிமை கொண்டாடும் ஓட்டல்.

தியேட்டரையும் சாப்பாட்டுக் கடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். திருவல்லிக்கேணிக்குப் போனால் அது ஏன் என்று விளங்கும். வேலை தேடி வந்த இளைஞர்கள் பல தலைமுறையாகத் தங்கிவரும் மேன்ஷன்கள் நிறைந்த பகுதி அது. அறையில் கட்டிலுக்கே இடம் பற்றாது, அடுப்புக்கு எங்கே போவது? அதனால் மெஸ்கள் பெருகின. புழுங்கும் அறையைவிட்டு வெளியேறி ராத்திரியைக் கழிக்க செகண்ட் ஷோ இருந்தது. வாலாஜா சாலையின் பாரகன் போன்ற கொட்டகைகள் மறைந்துவிட்டன. மெஸ்கள் நிற்கின்றன.

காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு வாசலில் காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தால் இலையில் பரிமாறுவது மளமளவென்று நடக்கும். நாயர் மெஸ் மீனுக்குப் பெயர்போனது. ரத்னா கபேவில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சாம்பார் கேட்பவர் குறைவு. தட்டில் இட்லி மூழ்கும்வரை ஊற்றுவார்கள், வற்றினால் மறுபடியும் ஊற்றுவார்கள். 1948-இல் இந்த ஓட்டலைத் தொடங்கியது வட இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் என்பதைப் பலர் முதலில் நம்ப மறுப்பார்கள்.

வடசென்னைக்கு இன்னொரு கதை. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானதும், அங்கே வேர்விட்டிருந்த தமிழர்கள் பெருந்திரளாகத் திரும்பி வந்தார்கள். கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் மாலையானதும் அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவை விற்கும் கடைகள் களைகட்டும். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். சென்னையில் பிறந்து வளர்ந்தும் இதை ஒருமுறைகூடச் சுவைக்காதவர்கள் இருப்பது வருத்தமான விஷயம்.

மறுபடி தியேட்டர்கள் பக்கம் திரும்பினால், சாந்தி தியேட்டர் 2016-இல் மூடியது. ஐம்பது ரூபாய்க்குப் படம் காட்டிய வடபழனி ஏவிஎம் ராஜேஸ்வரி 2020-இல் போனது. 1983 முதல் அசோக் நகரின் அடையாளமாக இருந்த உதயம் 2024-இல் விளக்கை அணைத்தது. நகர நிலத்தின் விலைக்கு டிக்கெட் வருமானம் ஈடாவதில்லை. ஒரு தியேட்டர் மூடும்போது செகண்ட் ஷோ கூட்டத்தை நம்பிய தோசைக்கடை, டீக்கடை, வண்டி ஸ்டாண்டு என்று பல பிழைப்புகள் சேர்ந்தே அடிபடுகின்றன.

மிஞ்சிய தியேட்டர்களுக்குத் துணை நின்றவற்றில் ஒன்று தொழில்நுட்பம். முன்பெல்லாம் படப்பெட்டிகளின் எண்ணிக்கை குறைவு. முதல் சுற்றில் ஓடிக் கீறல் விழுந்த பிரதிதான் சின்னத் தியேட்டருக்கு வாரங்கள் கழித்து வந்து சேரும். சென்னையிலேயே உருவான கியூப் போன்ற டிஜிட்டல் திரையிடல் முறைகள் பரவியபின், ரிலீஸ் நாளிலேயே மூலைத் தியேட்டரும் படம் போட முடிகிறது. நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைந்ததும் இத்தகைய அரங்குகளுக்கு உதவி.

இப்படிப்பட்ட தியேட்டர்களையும் கடைகளையும் தேடுவது கடினமல்ல. தியேட்டர் வண்டி ஸ்டாண்டுக்காரரிடமோ, ஆட்டோ ஸ்டாண்டிலோ கேட்டால் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மயிலாப்பூர் சந்துக்குள் இருக்கும் ராயர் மெஸ்ஸுக்குச் சாவகாசமாகப் போனால் பொங்கல் தீர்ந்திருக்கும். தியேட்டரில் கவுன்ட்டரிலேயே டிக்கெட் வாங்கினால் ஆன்லைன் கட்டணம் மிச்சம். பெரிய நடிகர் இல்லாத படமாக இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. வெள்ளிக்கிழமை வந்த சின்னப் படத்துக்குத் திங்கட்கிழமை எத்தனை காட்சி தேறும் என்பதைச் சனி, ஞாயிறு கூட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.