காளைக்கன்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

நம் இயக்கக் கூட்டங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "இயற்கை விவசாயம் பண்றவங்க கறி சாப்பிடலாமுங்களா?" உடனே பந்தி இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் ஜீவகாருண்யம் பேசும். மறுபக்கம், ஆடு கோழி விற்காமல் மானாவாரி விவசாயி எப்படிக் குடும்பம் நடத்துவான் என்று கேட்கும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் இலையில் இருப்பதைத்தான் பார்க்கிறது, தொழுவத்தைப் பார்ப்பதில்லை.

நான் கறி சாப்பிடாதவன். ஆனால் காலையில் பால் விட்ட காபி வேண்டும். ஆகவே பாலிலிருந்தே தொடங்குகிறேன்.

காளைகள் எங்கே போயின?

கன்று ஈனாமல் மாடு கறக்காது. சினைக்காலம் சுமார் 280 நாள். நன்றாகப் பராமரித்தால் 13 முதல் 15 மாதத்துக்கு ஒரு ஈற்று. பிறப்பதில் ஏறக்குறைய பாதி காளைக்கன்று. ஆனால் 2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் இருந்த சுமார் 19 கோடி மாடுகளில் 14.5 கோடி பெண். சரிபாதியாகப் பிறந்தது, நாலில் ஒரு பங்காகக் குறைந்து நிற்கிறது.

வங்கியில் இருந்தபோது கறவை மாட்டுக் கடனுக்கு வந்த திட்ட அறிக்கைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். தீவனம், காப்பீடு, மருத்துவம், பால் வரவு, சாணி வரவு எல்லாம் இருக்கும். காளைக்கன்றுக்கு வரவிலும் இடமில்லை, செலவிலும் இடமில்லை.

முன்பு ஏருக்கும் கமலைக்கும் வண்டிக்கும் காளை வேண்டியிருந்தது. டிராக்டரும் மோட்டாரும் வந்தபின் அந்த வேலை போயிற்று. ஜெர்சி, எச்.எஃப். கலப்பினக் காளைக்குத் திமில் சரியாக அமையாது, வெயிலும் தாங்காது. அதனால் உழவுக்கும் யாரும் கேட்பதில்லை.

அப்படிப்பட்ட கன்றுக்குச் சீம்பாலே அரைகுறையாகத்தான் கிடைக்கிறது. பால் இறங்க மட்டும் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள். வயிறு ஒட்டி, கழிச்சல் கண்டு, சில வாரத்தில் செத்துப்போகும். சில இடங்களில் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன் நிறுத்திக் கறப்பார்கள். இல்லையென்றால் ஆக்சிடோசின் ஊசி. பிழைத்தது சந்தைக்குப் போய்க் கைமாறி லாரி ஏறும்.

அறுப்பவரையும் தின்பவரையும் மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? இந்தப் பட்டினி நடப்பது விவசாயியின் தொழுவத்தில். பால் குடிக்கிற எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

3 ரூபாய் 62 பைசா

இந்தக் கொடுமையால் நாம் மிச்சம் பிடிப்பது எவ்வளவு? போட்டுப் பார்ப்போம். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தினம் இரண்டரை லிட்டர் பால் வேண்டும். 90 நாளுக்கு 225 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் 7,875 ரூபாய்.

மாடு சராசரியாக 8 லிட்டர் வீதம் 300 நாள் கறந்தால் 2,400 லிட்டர். கன்றின் பங்கு போக 2,175 லிட்டர். அதில் லிட்டருக்கு 3 ரூபாய் 62 பைசா கூட்டி விற்றால் கன்றுக்கு விட்ட பால் முழுதும் ஈடாகிவிடும். சொசைட்டிக்கு ஊற்றுகிறவரால் விலையைக் கூட்ட முடியாது, உண்மைதான். ஆனால் நம்மில் பலர் நேரடியாக வீடுகளுக்குக் கொடுக்கிறோம். "கன்று குடித்த மிச்சம்தான் இந்தப் பால்" என்று சொல்லி அந்த மூன்றரை ரூபாயைக் கேட்கலாம்.

சட்டம் சொல்வது

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 12ஆம் பிரிவு, பாலைக் கூட்டுவதற்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதைக் குற்றம் என்கிறது. 1978ஆம் ஆண்டு போக்குவரத்து விதிகளின்படி ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகளின்படி சினை மாட்டையும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட கன்றையும் அறுக்கக்கூடாது. மற்ற மாடுகளின் கண்முன்னும் அறுக்கக்கூடாது. அதாவது, அறுக்கப்போகிற உயிருக்கும் உரிமை உண்டு.

நாம் செய்யக்கூடியவை

1. காளையோ கிடாரியோ, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். மூன்று மாதம் வரை பால். இரண்டு வாரம் கழிந்ததும் கொஞ்சம் இளம்புல் காட்டலாம். குடற்புழு நீக்கம் அவசியம்.

2. இடம் இருப்பவர்கள் நாட்டு மாட்டுக்கு மாறலாம். காங்கேயம், பர்குர், உம்பளாச்சேரிக் காளைக்கன்றுகளைத் தேடி வந்து வாங்குகிறார்கள். பால் குறையும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. காளைக்கு வேலை கொடுங்கள். இடை உழவு, வண்டி, மரச்செக்கு என்று பக்கத்துத் தோட்டங்களோடு சேர்ந்து ஒரு ஜோடியைப் பயன்படுத்தலாம். தொழுவுரத்துக்குக் காளைச் சாணமும் சாணம்தானே!

4. கலப்பினம் வைத்திருப்பவர்கள் பாலினம் பிரித்த விந்து பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பிறப்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்குக் கிடாரி.

5. விற்றே ஆக வேண்டுமா? வளர்த்து, திடமான பிறகு, வளர்க்கவோ உழவுக்கோ வாங்குகிறவருக்கு முதலில் சொல்லுங்கள். சந்தைக்கு என்றால், எத்தனை மாட்டோடு ஏற்றுகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கயிற்றைக் கொடுங்கள்.

எல்லாக் காளையையும் கிழமாகும்வரை வைத்துக் காப்பாற்ற இரண்டு ஏக்கர்க்காரரால் முடியாது. முடியும் என்று மேடையில் பேசுவது எளிது. கறி சாப்பிடுவதா வேண்டாமா என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடலாம். ஆனால் நம் தொழுவத்தில் பிறந்த கன்று பசியால் சாகக்கூடாது என்பதில் சைவம் அசைவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பண்ணைக் கணக்கு எழுதுகிறவர்கள் இந்த மாதமே காளைக்கன்றுக்கு என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.