மாவடு ஜாடியும் மணி பிளான்ட் தொட்டியும்

மாவடு போட்டுப் பழகியவர்களுக்கு இது தெரியும். வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் பிசறி, கல்லுப்பைப் போட்டு ஜாடியை மூடுகிறோம். தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றுவதில்லை. மறுநாள் குலுக்கிப் பார்த்தால் அடியில் நீர் விட்டிருக்கும். நாலைந்து நாளில் தோல் சுருங்கிவிடும். வடுவுக்குள் இருந்த நீரை வெளியே இருந்த உப்பு இழுத்துக்கொண்டது.

உரம் கூடிப்போன தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. கடையில் வாங்கும் 19:19:19 உரம் தண்ணீரில் கரையும் உப்புதான். வேருக்குள் இருக்கும் சாற்றைவிட மண்ணில் உள்ள நீரில் உப்புக் கூடினால் வேரால் நீரை இழுக்க முடியாது, உள்ளதையும் இழக்கும். மண் ஈரமாகவே இருக்கும், செடி தாகத்தில் வாடும், இலை நுனி பழுப்பாகக் கருகும். சத்துப் போதவில்லை என்று நினைத்து இன்னொரு ஸ்பூன் போடுவோம். அம்மா வீட்டிலிருந்து கிள்ளிக்கொண்டுவந்த மணி பிளான்ட்டை நான் அப்படித்தான் இழந்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

உரத்தைச் சாப்பாடு என்று எண்ணுவதால் வரும் வினை இது. சாப்பாட்டை இலையே சமைத்துக்கொள்கிறது. வெளிச்சம்தான் அடுப்பு, கரியமில வாயுவும் வேர் ஏற்றித் தரும் நீரும் அரிசி, பருப்பு. உரம் வெறும் உப்பு. எவ்வளவு உப்பு? வான் ஹெல்மான்ட் என்பவர் சுமார் 91 கிலோ மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 74 கிலோ கூடியது. மண்ணில் குறைந்ததோ ஏறக்குறைய 57 கிராம்! எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவுகட்டினார். அவர் ஆய்வு 1648-இல் அச்சானது. காற்றின் பங்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

அடுப்பு சிம்மில் எரிந்தால் சமையல் மெதுவாகத்தான் நடக்கும். வெளிச்சம் குறைந்த ஹால் மூலைச் செடிக்கு உரமும் அதற்கேற்பக் குறைய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், அதாவது கால் டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு, மாதம் ஒரு முறை போதும். அதுவும் புதுத் துளிர் விடும்போது மட்டும். காய்ந்த மண்ணில் உரநீரை ஊற்றவே கூடாது. முதலில் வெறும் தண்ணீர்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உரத்தை நிறுத்திவிடுங்கள். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் உரமே போடாவிட்டாலும் பூக்கும். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை நிதானமாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிடுங்கள். தட்டில் சேர்ந்ததை உடனே கொட்டிவிட வேண்டும்; விட்டுவைத்தால் மண் அந்த உப்பு நீரையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.