கார்த்திகையில் குழந்தைச் சூரியன்கள்

விண்மீன்களைக் கண்டு மகிழாதவர் யார்? தை மாதத்தில் இரவு ஏழு, எட்டு மணிக்கு மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சி வானில் சிறு திராட்சைக் கொத்தைப் போல் சில விண்மீன்கள் நெருங்கியிருக்கும். (தியாகராய நகர்த் தோழியர் தெரு விளக்குகளைக் கையால் மறைத்துக் கொண்டு பார்க்க வேண்டும்!) அதுவே கார்த்திகை. வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிவதால் நம் முன்னோர் அதை 'அறுமீன்' என்றனர். உண்மையில் அக்கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன.

நம் சூரியனின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். கார்த்திகைக்கோ பத்துக் கோடிக்குச் சற்று அதிகம். சூரியனை 46 வயதுத் தாய் என்றால், கார்த்திகை ஒரு வயதுக் குழந்தை. குழந்தையென்றால் குறும்பு இல்லாமல் இருக்குமா? அக்கூட்டத்திலுள்ள சிறிய, மங்கலான, சிவந்த விண்மீன்கள் பல, திடீரெனச் சில நிமிடங்களில் பன்மடங்கு ஒளிர்ந்து, பிறகு மெல்ல மங்குவதை அறிஞர்கள் தொலைநோக்கியில் கண்டுள்ளனர். இதுவே சுடர் வெடிப்பு.

இதற்குக் காரணம் என்ன? விண்மீனுக்குள் கொதிக்கும் வாயு ஓடிக்கொண்டே சுழல்வதால் காந்த சக்தி உண்டாகிறது. ரப்பர் வளையத்தை முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அறுந்து தெறிக்கிறதல்லவா? அதுபோலவே முறுக்கேறிய காந்தக் கோடுகள் அறுந்து மீண்டும் இணையும்போது, அடைபட்டிருந்த சக்தி ஒளியாகவும் எக்ஸ் கதிராகவும் வெளிப்படுகிறது. சூரியன் ஒரு முறை சுழல ஏறத்தாழ 25 நாட்கள் ஆகும். கார்த்திகை விண்மீன்களில் சில ஒரே நாளுக்குள் சுழன்று விடுகின்றன. வேகம் கூடினால் முறுக்கும் கூடும்.

வயது ஏற ஏற விண்மீன் அடங்குகிறது. தட்டாமாலை சுற்றும்போது கைகளை விரித்தால் வேகம் குறைவதை நாம் அறிவோம். அவ்வாறே, விண்மீனிலிருந்து வீசும் துகள் காற்றைக் காந்தக் கோடுகள் வெகுதூரம் பிடித்துச் செல்வதால், சுழற்சி மெல்லத் தளர்கிறது. நம் சூரியனும் இளமையில் இவ்வாறு சீறியதே. இன்று நாம் நிம்மதியாக வாழ்வதற்கு அது அடங்கியதும் ஒரு காரணம்.

ஆயினும் முற்றும் அடங்கவில்லை. 1989 மார்ச் 13 அன்று சூரியச் சீற்றத்தால் எழுந்த காந்தப் புயல் கனடாவின் கியூபெக் மாநிலத்தை ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. ஆகவே சூரியனைக் கவனிப்பது அவசியம். இப்பணியில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1792ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வுக் கூடத்தின் பணி 1899ல் கொடைக்கானலுக்கு மாறியது. அங்கு நூறாண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகின்றனர். 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்-1 விண்கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த திருமதி நிகார் ஷாஜி என்பது நமக்கெல்லாம் பெருமை.

தோழியரே! இன்றிரவு கார்த்திகையைக் காணும்போது, நம் சூரியனின் குழந்தைப் பருவத்தையே காண்கிறோம் என்று எண்ணுங்கள். அவ்வொளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு தூரம் வந்த விருந்தாளியை ஐந்து நிமிடம் நின்று வரவேற்கலாகாதா?