ஒளி உணரும் பொருட்களும் காப்புரிமை வகைப்பாடும்

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் செய்முறையை ஒளிவுமறைவின்றி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக அரசு அவருக்குக் குறிப்பிட்ட காலத்திற்குத் தனியுரிமை வழங்கும். காப்புரிமை என்னும் ஏற்பாட்டின் சாரம் இதுவே. ஆயின், எழுதிக் கொடுக்கப்பட்ட ஆவணத்தைப் பிறர் தேடிக் கண்டடைய இயலாது போனால், இவ்வுடன்படிக்கையில் மக்களுக்குரிய பாதி பயனற்றதாகிவிடும். ஆகவேதான் காப்புரிமை அலுவலகங்கள் ஆவணங்களை வகைபிரித்து வைக்கின்றன. இது எழுத்தர் வேலையாகத் தோன்றலாம். ஒளி பட்டால் மாறும் வேதிப்பொருட்களின் வகைப்பாட்டை ஆராய்ந்தால், ஒவ்வொரு பிரிவுக்குப் பின்னாலும் ஒரு தீர்ப்பு இருப்பது புலனாகும்.

அத்தகைய தீர்ப்பு ஒன்று நீதிமன்றத்திலேயே வழங்கப்பட்டதுண்டு. பிரெஞ்சு அரசு டாகேரின் நிழற்பட முறையை 1839 ஆகஸ்ட் 19 அன்று உலகிற்கு இலவசமாக வெளியிட்டது. ஆனால் அதற்கு ஐந்து நாட்கள் முன்னரே இங்கிலாந்தில் அம்முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டிருந்தது. ஆங்கிலேயரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், வெள்ளி அயோடைடு பூசிய தாளில் கண்ணுக்குத் தெரியாமல் பதியும் படத்தைக் கேலிக் அமிலம் கலந்த வெள்ளிக் கரைசலால் வெளிக்கொணரும் முறைக்கு 1841 பிப்ரவரியில் காப்புரிமை பெற்றார். பத்தாண்டுகள் கழிந்து 1851இல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பார் கண்ணாடியில் கொலோடியன் பூசிப் படம் எடுக்கும் முறையைக் காப்புரிமை கோராமலே வெளியிட்டார். அவர் பயன்படுத்தியது பைரோகேலிக் அமிலம்.

கொலோடியன் முறையில் உருவப்படம் எடுத்துத் தொழில் நடத்திய லரோஷ் மீது டால்பட் வழக்குத் தொடுத்தார். தாளாயினும் கண்ணாடியாயினும், இந்த அமிலமாயினும் அந்த அமிலமாயினும், மறைந்திருக்கும் படத்தைத் துலக்குவது என்னும் செயல் ஒன்றே என்பது அவர் வாதம். பொருளும் வேறு, முறையும் வேறு என்றது எதிர்த்தரப்பு. 1854 டிசம்பரில் ஜூரிகள் டால்பட்டே உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர் என ஏற்றனர். எனினும் லரோஷ் அவ்வுரிமையை மீறவில்லை என்றனர். 'இது எந்த வகையைச் சேர்ந்தது?' என்ற ஒரே வினாவிற்கு அளிக்கப்பட்ட விடையால் இங்கிலாந்தின் படக்கலைஞர் அனைவரும் விடுதலை பெற்றனர். அதற்கு வழிவகுத்த ஆர்ச்சரோ 1857இல் வறுமையில் மாண்டார்.

இன்று உலகம் பின்பற்றும் அனைத்துநாட்டுக் காப்புரிமை வகைப்பாடு, 1971ஆம் ஆண்டின் ஸ்ட்ராஸ்பர்க் உடன்படிக்கையின் வழி அமைந்தது. அறிவுத்துறைகளை ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகளாக்கி, இயற்பியலுக்கு ஜி என்னும் எழுத்தை அது தந்துள்ளது. நிழற்படக் கலையும் அதனையொத்த முறைகளும் அதில் 03 என்னும் எண்ணைப் பெறுகின்றன. அதன்கீழ் ஜி03பி என்பது கருவிகள். ஜி03சி என்பது நிழற்படத்திற்கான ஒளி உணரும் பொருட்களும் முறைகளும். ஜி03எஃப் என்பது ஒளியின் துணையால் பரப்புகளில் வடிவங்களைச் செதுக்குதல். ஜி03ஜி என்பது ஜெராக்ஸ் போன்ற மின்படியெடுத்தல்.

நம் மேடைகளிலும் ஏடுகளிலும், நிழற்படத்தைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைஸம் எனச் சொல்லும் வழக்கம் உள்ளது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் ஆய்வு செய்த அப்பேரறிஞர், கிரகணத்தின்போது சிறு துளை வழியே இருட்டறையில் விழும் பிறைவடிவ பிம்பத்தை ஆராய்ந்து எழுதினார். அது மாபெரும் சாதனை. ஆயின் இவ்வகைப்பாட்டின்படி அது ஜி03பியைச் சார்ந்தது. விழுந்த பிம்பத்தைப் பிடித்து நிறுத்தும் வேதியியல், பல நூற்றாண்டுகள் பிந்திய வேறொரு கிளை. இவ்வேறுபாட்டை ஏற்பதால் அவர் பெருமை குன்றிவிடாது என்றே கருதுகிறோம்.

ஜி03சியினுள் ஒளி உணரும் பொருட்கள் 1 என்னும் குழுவிலும், படத்தைத் துலக்கும் முறைகளும் கரைசல்களும் 5 என்னும் குழுவிலும், வண்ணப்பட முறைகள் 7இலும் உள்ளன. டால்பட் ஒரே உரிமையாகக் கோரிய தாளும் கரைசலும் இன்று தனித்தனிக் குழுக்களில் அமர்ந்துள்ளன. எடுத்தவுடன் படம் தரும் போலராய்டு முறைக்கு 8 என்னும் தனிக்குழு உண்டு. அத்துறையில் நுழைந்த கோடாக் மீது போலராய்டு 1976இல் வழக்குத் தொடுத்தது. ஏழு காப்புரிமைகள் மீறப்பட்டன என 1985இல் தீர்ப்பாயிற்று. கோடாக் அத்தொழிலை 1986இல் கைவிட்டு, 1991இல் 92.5 கோடி டாலர் செலுத்தியது.

அமெரிக்கா நெடுங்காலம் தனக்கென வேறொரு வகைப்பாடு வைத்திருந்தது. அதன் 430ஆம் வகுப்பின் பெயரைத் தமிழில் கதிர்வீச்சுப் பட வேதியியல் எனலாம். 'ஒளி' என்னாது 'கதிர்வீச்சு' என்றது நுட்பமானது. எக்ஸ் கதிர்ப் படலமும் எலக்ட்ரான் கற்றையால் எழுதப்படும் பொருளும் அதனுள் அடங்கிவிடுகின்றன. உலக வகைப்பாடு ஜி03ஜியில் தனித்து வைத்த மின்படியெடுத்தலையும் இவ்வகுப்பு தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஒரே பொருளை இருவர் வெவ்வேறு கோணத்தில் பார்த்ததன் விளைவு இது.

இனி ஜி03எஃப். இதன் மூதாதை நிழற்படத்தின் மூதாதையும் ஆவார். பிரான்சின் நீப்ஸ் 1820களில் யூதேயா நிலக்கீலைத் தகட்டில் பூசினார். ஒளி பட்ட இடம் இறுகியது. படாத இடத்தை லாவெண்டர் எண்ணெயால் கழுவி நீக்கினார். இன்று கணினிச் சில்லு செய்வோர் கையாளும் ஃபோட்டோரெசிஸ்ட் என்னும் பூச்சின் அடிப்படை இதுவே. சிலவகைப் பூச்சில் ஒளி பட்ட இடம் கரையும், சிலவற்றில் படாத இடம் கரையும். எஞ்சியது கீழுள்ள சிலிக்கனுக்குக் கவசமாகும்.

1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் இட்டோ, வில்சன், ஃபிரெஷே ஆகியோர் ஒரு புதிய பூச்சை உருவாக்கினர். ஒளி அதில் சிறிதளவு அமிலத்தை மட்டுமே தோற்றுவிக்கும். பின் சூடேற்றும்போது ஒவ்வோர் அமில மூலக்கூறும் கிரியாவூக்கியாக நின்று பற்பல பிணைப்புகளை அறுக்கும். 1982இல் விண்ணப்பித்த அதற்கு 1985இல் காப்புரிமை கிடைத்தது. சிறு ஒளிச்சுவட்டை வேதிவினையால் பெருக்குவது என்ற அளவில் இதற்கும் டால்பட்டின் மறைபடத்திற்கும் உறவு உண்டு. ஆயினும் வகைப்பாடு இரண்டையும் வெவ்வேறு அறைகளில் வைத்தது. ஒன்றில் எஞ்சுவது பார்ப்பதற்கான படம். மற்றொன்றில் எஞ்சுவது செதுக்குவதற்கான கவசம். பயனை அளவுகோலாகக் கொண்ட இப்பிரிவினை சரியே என்பது நம் கருத்து.

இப்பூச்சுகளின் மதிப்பு 2019 ஜூலையில் வெளிப்பட்டது. தென்கொரியாவிற்குச் செல்லும் மூன்று வேதிப்பொருட்களின் ஏற்றுமதிக்கு ஜப்பான் கட்டுப்பாடு விதித்தது. அவற்றுள் ஃபோட்டோரெசிஸ்ட் ஒன்று. உலகின் மிகப்பெரிய சில்லு ஆலைகள் சில கலக்கமுற்றன. 2023 மார்ச்சில்தான் அக்கட்டுப்பாடு நீங்கியது.

பொதுவாகக் காப்புரிமை விண்ணப்ப நாளிலிருந்து இருபதாண்டுகளே நீடிக்கும். எனவே வெள்ளி உப்புக்களின் காலத்தில் எழுதப்பட்ட ஜி03சி ஆவணங்களில் மிகப் பெரும்பாலானவை இன்று எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்க பொதுச்சொத்து. நம் கல்லூரிகளின் வேதியியல் துறைகள் இச்செல்வத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது வருத்தத்திற்குரியது. தேடும் வழி எளிது. சொற்களைக் கொண்டு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஜப்பானியர் ஒரு பெயரும் ஜெர்மானியர் வேறொரு பெயரும் இட்டிருப்பர், தலைப்புகளோ வேண்டுமென்றே மங்கலாக இருக்கும். பொருத்தமான ஓர் ஆவணத்தைக் கண்டு, அதன்மேல் இடப்பட்டுள்ள குறியீட்டைப் பற்றிக்கொண்டு, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடுதளத்தில் அக்குறியீட்டையே இட வேண்டும். ஓர் ஆவணம் பல குறியீடுகள் பெற்றிருக்கும் என்பதையும் மறத்தலாகாது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் 2013இல் கூட்டு வகைப்பாடு ஒன்றைத் தொடங்கின. 2015 முதல் அமெரிக்கா 430ஆம் வகுப்பைப் புதிய ஆவணங்களுக்கு இடுவதை நிறுத்திவிட்டது. ஆயின் பழைய அமெரிக்க ஆவணங்களின் முகப்பில் அவ்வெண் இன்றும் உள்ளது. அவற்றைத் தேடுவோர் இரு முறைகளையும் அறிந்திருத்தல் நலம்.