வேலை மாறும் இடைவெளியில் பல் உடைந்தால் செலவு யாருடையது?

பழைய ஆபீசில் கடைசி நாள் 12ஆம் தேதி. புது ஆபீசில் சேர வேண்டியது அடுத்த மாதம் 1ஆம் தேதி. நடுவில் கிடைத்த இரண்டரை வாரத்தில் ஊருக்குப் போய்விட்டு வரலாம் என்று டிக்கெட் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதற்குள் ஒரு நாள் முனிர்கா பக்கம் பைக் டாக்ஸியில் போகும்போது பின்னால் வந்த கார் இடிக்கிறது. கீழே விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு வந்துவிடுகிறது. பழைய கம்பெனி இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டது, புதியது இன்னும் தொடங்கவில்லை.

‘இன்ஷூரன்ஸ் இல்லாத நேரம் பார்த்தா இப்படி நடக்கணும்?’ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பாலிசி ஆவணங்களைப் பொறுமையாகப் படித்தால் கொஞ்சம் கசப்பான விஷயம் ஒன்று தெரியவரும். பல்லைப் பொறுத்தவரை, அந்த இன்ஷூரன்ஸ் கையில் இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. இடைவெளியின் உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு வருவோம். முதலில் பல்.

முதல் ஒரு மணி நேரம்

தலையில் அடி, மயக்கம், வாந்தி, வாயைத் திறக்க முடியாத வலி இதில் எது இருந்தாலும் நேராக எமர்ஜென்சிக்குத்தான் போக வேண்டும். பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படி எதுவும் இல்லை என்றால், விழுந்த பல்லைத் தேடுங்கள். வெள்ளையாகத் தெரியும் மேல்பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரில் கை படக் கூடாது, தேய்க்கக் கூடாது, டிஷ்யூவில் சுற்றக் கூடாது. வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய திசு உயிரோடு இருக்கும் வரைதான் பல் மறுபடி ஒட்ட வாய்ப்பு. அழுக்காக இருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசி, அது இருந்த குழியிலேயே திருப்பி வைத்து, சுத்தமான துணியைக் கடித்துக்கொண்டு டாக்டரிடம் போவதுதான் முதல் தேர்வு. திருப்பி வைக்க முடியவில்லை, பயமாக இருக்கிறது என்றால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். டெல்லியில் இதற்குச் சிரமமே இல்லை, பக்கத்திலேயே ஒரு மதர் டெய்ரி பூத் இருக்கும். தண்ணீரில் போட்டு வைப்பது நல்லதல்ல.

15 நிமிடத்துக்குள் திரும்ப வைத்தால் வாய்ப்பு மிக நன்றாக இருக்கும். உலர்ந்த நிலையில் 60 நிமிடம் தாண்டினால் அந்தத் திசு பெரும்பாலும் பிழைக்காது. அப்படியானாலும் பல்லைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைகளின் பால்பல் என்றால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது.

அதன்பிறகு நடப்பதைக் கவனியுங்கள், செலவுக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி வைத்து ஒட்டுவார்கள், அது சுமார் 2 வாரம் இருக்கும். பெரியவர்களுக்கு அந்த 2 வாரத்துக்குள் ரூட் கெனால் தொடங்க வேண்டும். பிறகு 4 வாரம், 3 மாதம், 6 மாதம், 1 வருடம் என்று பரிசோதனை. பல் பிழைக்காவிட்டால் இம்ப்ளான்ட் அல்லது பிரிட்ஜ். அடிபடுவது ஒரு நாள், பில் ஒரு வருடத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

இன்ஷூரன்ஸ் இருந்திருந்தால்?

இந்தியாவில் சாதாரண ஹெல்த் பாலிசி, நீங்கள் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆவதை வைத்துத்தான் பணம் தருகிறது. 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களும் ஒரே விதிமுறையில் விற்கத் தொடங்கிய ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சை உண்டு என்று அதில் எழுதியே இருக்கிறது. படித்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த வரி, குறைந்தது 24 மணி நேரம் அட்மிட் ஆகும் செலவுகளின் பட்டியலுக்குள் இருக்கிறது. பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொண்டு வீட்டுக்குப் போகும் ரூட் கெனால் அதில் வராது.

தாடை எலும்பு முறிந்து, மயக்க மருந்து கொடுத்து பிளேட் வைத்தால் கதையே வேறு. அது முழு ஹாஸ்பிடல் க்ளெய்ம். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் 60 நாள் வரை தொடர்புடைய செலவைக் கேட்கலாம். ஆக, சிகிச்சைக்குப் பிந்தைய செலவு என்று பல் வேலையும் உள்ளே வர வாய்ப்பிருக்கிறது. ஒற்றைப் பல்லுக்கு அந்த வழி இல்லை. சில கம்பெனிகளின் குழு பாலிசியில் தனியாக ஓ.பி.டி அல்லது டென்டல் வரம்பு இருக்கும், இருந்தால் அதிர்ஷ்டம். பெர்சனல் ஆக்ஸிடென்ட் பாலிசியும் இங்கே கை கொடுக்காது. நிரந்தர ஊனத்துக்கான அதன் பட்டியலில் கை, கால், கண், விரல் இருக்கும். பல்லை பொதுவாகச் சேர்ப்பதில்லை.

அப்போ பணம் எங்கிருந்து வரும்?

மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்ட சாலை விபத்து என்றால், உங்களிடம் பாலிசி இருக்கிறதா இல்லையா என்று கேட்காத ஒரு திட்டம் இருக்கிறது. இதன் பின்னணியில் ஒரு கோவைக்காரர் இருக்கிறார். எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலைப் பாதுகாப்பு குறித்து 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடர்ந்தார். அந்த வழக்கில்தான் 2025 ஜனவரி 8 அன்று, விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்கான கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தை உருவாக்குமாறு மத்திய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. மே 5 அன்று திட்டம் அறிவிக்கப்பட்டது: நியமிக்கப்பட்ட மருத்துவமனைகளில், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை.

மேலே சொன்ன பல்லின் காலண்டரை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாள் எமர்ஜென்சி, ஸ்கேன், தையல் இதற்கெல்லாம் 7 நாள் போதும். ரூட் கெனால் இரண்டாவது வாரத்தில், இம்ப்ளான்ட் மாதக்கணக்கில் கழித்து. அதற்கு இன்னொரு வழி வேண்டும்: இடித்த வண்டியின் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ்.

இதற்கு போலீஸ் பதிவு அவசியம். ‘பல்லுதானே போச்சு, எதுக்கு ஸ்டேஷன்?’ என்று கார்காரரிடம் சில ஆயிரங்களை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விபத்தின் முதல் அறிக்கையை 48 மணி நேரத்திலும் விரிவான அறிக்கையை 90 நாளிலும் போலீஸ் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்களே மனு போடுவதானால், சட்டத்தில் உள்ள கெடு 6 மாதம். மருத்துவச் செலவோடு இனி ஆகப்போகும் செலவையும் கேட்கலாம். அதனால் டாக்டரிடம் முழு சிகிச்சைத் திட்டத்தையும் மதிப்பீட்டையும் எழுதி வாங்குங்கள். எமர்ஜென்சியில் எம்.எல்.சி போடச் சொல்லுங்கள். பல்லும் வாயும் தெரிய அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

மெட்ரோ படிக்கட்டில் வழுக்கி விழுந்ததற்கோ, வாலிபாலில் முழங்கை பட்டதற்கோ இந்த வழி இல்லை. அங்கே உங்களுக்கு இருப்பது அரசு மருத்துவமனை. டெல்லி கேட் மெட்ரோவுக்குப் பக்கத்தில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனம், எய்ம்ஸ் வளாகத்தில் தனிப் பல் மருத்துவ மையம் இரண்டும் இருக்கின்றன. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஒரு வேலைக்கு நாலு நடை நடக்க வைப்பார்கள். வேலைக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் உங்களிடம் நிஜமாகவே நிறைய இருப்பது நேரம்தான், அதைச் செலவழிக்கலாம். தனியார் கிளினிக்கில் ஒரு இம்ப்ளான்ட்டே பல்லாயிரம் ரூபாய் ஆகும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ பிடித்திருந்தால், வேலையை விட்ட அன்றே எல்லாம் நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ரோகிணியில் இ.எஸ்.ஐ-க்கு சொந்தப் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பெரிய சம்பளக்காரர்களின் கார்ப்பரேட் பாலிசியில் இல்லாத வசதி இது!

இடைவெளியின் உண்மையான விலை

இப்போது ஆரம்பத்தில் சொன்னதற்கு வருவோம். அடிபட்ட பிறகு, பயந்துபோய் சொந்தமாக ஒரு பாலிசி எடுக்கிறீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறைப்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் கண்டறியப்பட்ட ‘காயமும்’ ஏற்கெனவே உள்ள நோய்க் கணக்கில் சேரும். அதாவது அந்தத் தாடைக்கு 36 மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். விண்ணப்பத்தில் மறைத்தால், பின்னால் முழு க்ளெய்மும் நிராகரிக்கப்படும் ஆபத்து.

இதையே அடிபடுவதற்கு முன்னால், வேலையை விட்ட வாரத்தில் எடுத்திருந்தால்? புதிய பாலிசியின் முதல் 30 நாள் காத்திருப்பு நோய்களுக்குத்தான், விபத்துக்கு அது பொருந்தாது. பாலிசி தொடங்கிய முதல் நாளிலிருந்தே விபத்துக்கு அட்மிட் ஆகும் செலவு கிடைக்கும். குழு பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழியும் உண்டு, காத்திருப்புக் காலத்தில் நீங்கள் ஏற்கெனவே கடந்த பகுதி வீணாகாது. நோட்டீஸ் பீரியட் தொடங்கும்போதே கேட்க வேண்டும், கடைசி நாள் மாலையில் லேப்டாப்பை ஒப்படைக்கும்போது அல்ல.

புது ஆபீஸ் குழு பாலிசிகள் பலவற்றில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு தள்ளுபடி செய்யப்பட்டிருக்கும். ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். மூன்று கேள்வி போதும்: கவரேஜ் சேரும் நாளிலிருந்தா, பெயர் சேர்த்த நாளிலிருந்தா? சேர்வதற்கு முன் பட்ட காயத்தின் தொடர் சிகிச்சை வருமா? டென்டல் அல்லது ஓ.பி.டி வரம்பு எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு ‘உண்டு’ என்று பதில் வந்தால், டாக்டரிடம் பேசி, அவசரமில்லாத இம்ப்ளான்ட்டை சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ரூட் கெனாலை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.